எருக்கில் முதலைக்குட்டி, மணத்தக்காளியில் முள்: இரண்டும் பொறிவண்டுதானா?

நீங்கள் எழுதியதைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். தரிசில் நிற்கும் எருக்கஞ்செடி ஒன்றில், கருப்பாக, ஆரஞ்சுத் திட்டுகளோடு, முதலைக்குட்டி மாதிரி சில பூச்சிகள் ஓடிக்கொண்டிருந்தன. சில இலையோடு ஒட்டிக்கொண்டு அசையாமல் கிடந்தன. பக்கத்தில் தானாக முளைத்த மணத்தக்காளியில், மஞ்சளாக, உடம்பெல்லாம் முள்ளாக வேறு சில. "எல்லாமே பொறிவண்டின் குஞ்சுகள் என்று ஒருவர் சொல்கிறார், உண்மையா? என்ன வகை?" என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே, "பார்க்கவே பயமாக இருக்கிறது, மருந்து அடித்துவிடலாமா என்று யோசிக்கிறேன்" என்று ஒரு வரி. அந்த வரிதான் என்னை உட்கார்ந்து எழுத வைத்தது. முதலில் அதற்குப் பதில்: தயவுசெய்து அடிக்காதீர்கள்.

எருக்கில் இருப்பவை பொறிவண்டின் புழுக்களும் கூட்டுப்புழுக்களும்தான். உங்கள் படங்களில் கால்களும் உடலமைப்பும் தெளிவாகத் தெரிவதால் இதில் எனக்குச் சந்தேகமில்லை. மணத்தக்காளியில் இருப்பதும் அதே குடும்பம்தான், ஆனால் அது பூச்சி தின்னும் கிளை அல்ல, இலை தின்னும் கிளை. இதையும் உறுதியாகச் சொல்ல முடியும். எருக்கில் இருப்பது எந்த இனம் என்பதை மட்டும் அந்தப் படங்களை வைத்துச் சொல்ல மாட்டேன். ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

பூச்சியியல் படித்துவிட்டுப் பல வருடங்களாகச் செடிகளில் நன்மை செய்யும் பூச்சிகளை எண்ணுவதே வேலையாக இருந்திருக்கிறேன். அதில் அதிகம் வருத்தப்பட்டது இந்த ஒரு விஷயத்துக்குத்தான். சிவப்பாக, உருண்டையாக, புள்ளியோடு இருக்கும் முதிர்ந்த வண்டை எல்லோரும் ரசிக்கிறார்கள். பொறி என்றால் புள்ளி, பெயரே அந்த அழகை வைத்து வந்தது. அதே வண்டின் பிள்ளையைப் பார்த்தால் அடையாளம் தெரியாமல் நசுக்கிவிடுகிறார்கள். செடியில் அசுவினியை, அதாவது கூட்டமாக அப்பிக்கொண்டு சாறு உறிஞ்சும் சின்னப் பூச்சியை, தின்பதில் அந்தப் பிள்ளைக்கும் பெரும் பங்கு உண்டு. ஒரு புழு வளர்ந்து முடிப்பதற்குள் சில நூறு அசுவினிகளைத் தின்றுவிடும்.

வண்ணத்துப்பூச்சியைப் போலவே பொறிவண்டுக்கும் முட்டை, புழு, கூட்டுப்புழு, வண்டு என்று நான்கு பருவங்கள். முட்டையிலிருந்து வண்டு வரை, வெப்பமான நாட்களில், ஏறக்குறைய மூன்று வாரம். குளிர் இருந்தால் இன்னும் நீளும். புழுப் பருவத்தில் மட்டும் மூன்று முறை தோலுரிக்கும், அதாவது புழுவுக்குள்ளேயே நான்கு நிலைகள். முட்டையிலிருந்து வந்ததும் ஒரு மில்லிமீட்டர் சொச்சம்தான் இருக்கும். கடைசி நிலையில் பெரிய இனங்களின் புழு ஒரு சென்டிமீட்டரைத் தொடும்.

இனி எதைப் பார்த்து அடையாளம் காண்பது? நிறத்தை நம்பாதீர்கள், கால்களைப் பாருங்கள். பொறிவண்டின் புழுவுக்குத் தலைக்குப் பின்னால் மார்புப் பகுதியில் மூன்று ஜோடிக் கால்கள். அவை உடலுக்கு அடியில் மறையாமல் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு, மேலிருந்து பார்த்தாலே தெரியும். வயிற்றுப் பகுதியில் கால் கிடையாது. உடம்பு முன்பக்கம் அகன்று, வால் பக்கம் கூராகக் குறுகும், முதலை மாதிரி என்று நீங்கள் சொன்னது இதனால்தான். முதுகில் வரிசை வரிசையாகச் சின்ன முடிச்சுகள், ஒவ்வொன்றிலும் முடியோ முள்ளோ இருக்கும். ஒரு சாதாரணக் கை லென்ஸ் வைத்துக்கொண்டு அது நடப்பதைப் பாருங்கள். ஆறு காலால் முன்னேறும், அப்புறம் வால் நுனியை இலையில் அழுத்தி ஒட்டிக்கொள்ளும், பிறகு முன்னுடம்பைத் தூக்கி இடமும் வலமும் தேடும். அந்த வால் நுனியில் ஒட்டும் உறுப்பு ஒன்று இருக்கிறது. காற்றில் இலை தலைகீழானாலும் புழு விழாமல் இருப்பது அதனால்தான். ஒருமுறை பார்த்துவிட்டால், நடையை வைத்தே பிறகு எட்டி நின்று சொல்லிவிடலாம்.

குழப்பக்கூடிய பூச்சிகள் சில உண்டு. அசுவினிக் கூட்டத்துக்கு நடுவில் காலே இல்லாமல், அட்டை மாதிரி நெளிந்துகொண்டு, பச்சையாகவோ பழுப்பாகவோ ஒன்று இருந்தால் அது மிதவை ஈயின் புழு. அதுவும் அசுவினி தின்னும், நல்லதே. கண்ணாடி இறக்கைப் பூச்சியின் புழுதான் பொறிவண்டோடு அதிகம் குழம்பும். அதற்கும் ஆறு கால், அதற்கும் கூரான வால், அதுவும் சுறுசுறுப்பு. வித்தியாசம் முகத்தில். கண்ணாடி இறக்கைப் பூச்சிப் புழுவுக்குத் தலைக்கு முன்னால் அரிவாள் மாதிரி வளைந்த இரண்டு தாடைகள் நீட்டிக்கொண்டிருக்கும், பொறிவண்டுப் புழுவின் தாடை மேலிருந்து தெரியாது. அந்துப்பூச்சி, வண்ணத்துப்பூச்சிப் புழுக்களுக்கு வயிற்றிலும் சதைக்கால்கள் இருக்கும் என்பதால் அவை எளிதில் விலகிவிடும். இலை வண்டுகளின் புழுக்கள் கொஞ்சம் கஷ்டம் தரும், அவற்றுக்கும் ஆறு கால்தான். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை தடிமனாக, முதுகு கூனி, மெதுவாக நகரும், இலையில் ஓட்டையும் இருக்கும்.

இந்த இடத்தில் என் வேலையில் நான் கற்றுக்கொண்ட முக்கியமான ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பூச்சியைப் பார்ப்பதற்கு முன்னால், அது இருக்கும் இலையைப் பாருங்கள். என்ன தின்கிறது என்று தெரிந்துவிட்டால் பாதி அடையாளம் முடிந்துவிடும். உங்கள் எருக்கில், படத்தின் ஓரத்தில், இளங்குருத்தை மூடிக்கொண்டு மஞ்சளாக, கருப்புக் கால்களோடு அப்பியிருப்பது எருக்கு அசுவினி. அரளியிலும் இதே அசுவினி வரும். இலையில் ஓட்டை இல்லை, சுரண்டல் இல்லை. சாறு உறிஞ்சப்பட்ட அசுவினிகளின் வெறும் தோல் மட்டும் அங்கங்கே வெள்ளையாக ஒட்டியிருக்கிறது. அதாவது புழு செடியைத் தொடவில்லை. அசுவினிகள் உருவும் தோல் சட்டையும் இப்படித்தான் கிடக்கும், அதனால் வெள்ளைத் தோல் எல்லாவற்றையும் புழுவின் கணக்கில் எழுதிவிட முடியாது. இருந்தாலும் அசுவினிக் கூட்டத்துக்கு மத்தியில் ஆறு கால் முதலைக்குட்டி என்றால், வேறு எதையும் யோசிக்க வேண்டியதில்லை.

மணத்தக்காளிக்கு வருவோம். அங்கே கதை வேறு. உங்கள் மூன்றாவது படத்தில், இலையின் பச்சைச் சதை மட்டும் சுரண்டப்பட்டு, மெல்லிய தோலும் நரம்பும் வலை மாதிரி மிஞ்சியிருக்கிறது. பக்கத்தில் அசுவினியே இல்லை. புழு வெளிர் மஞ்சள், முதுகு முழுக்க முள், ஒவ்வொரு முள்ளும் நேராக இல்லாமல் சின்ன மரக்கிளை மாதிரிக் கிளைத்திருக்கிறது. இது எபிலாக்னா வண்டின் புழு. கத்தரி, தக்காளி குடும்பத்துச் செடிகள் இதற்குப் பிடித்தமானவை, மணத்தக்காளியும் ஊமத்தையும் அதில் அடக்கம். இதன் முதிர்ந்த வண்டு மங்கிய செம்பழுப்பாக, மேலே மெல்லிய ரோமம் படர்ந்து, பளபளப்பில்லாமல் இருக்கும். ஒரு இனத்துக்கு 28 புள்ளிகள் வரை உண்டு. பளபளப்பான முதுகுள்ள வண்டுகள் பெரும்பாலும் பூச்சி தின்பவை, பட்டுத்துணி மாதிரி மங்கலாக இருப்பவை இலை தின்பவை என்பது வயலில் கைகொடுக்கும் குறிப்பு. ஆனால் இதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது, ஏனென்றால் பூச்சி தின்னும் சின்ன இனங்கள் சிலவற்றுக்கும் ரோமம் உண்டு.

தரிசில் இருக்கும் மணத்தக்காளியில் நாலைந்து எபிலாக்னா புழு இருப்பதால் யாருக்கும் நஷ்டமில்லை. பக்கத்தில் கத்தரி, தக்காளி போட்டிருந்தால் மட்டும் அவற்றைக் கையால் எடுத்து அப்புறப்படுத்துங்கள். அந்த முள் குத்தாது, விஷமும் கிடையாது. அதற்கு மருந்து அடித்தால் முதலில் சாவது பக்கத்து எருக்கில் இருக்கும் உங்கள் முதலைக்குட்டிகளாகத்தான் இருக்கும்.

அசையாமல் ஒட்டிக்கிடப்பவை பற்றிக் கேட்டிருந்தீர்கள், செத்துவிட்டனவா என்று. இல்லை, அவை கூட்டுப்புழுக்கள். பட்டுப்பூச்சி மாதிரிக் கூடு எதுவும் கட்டாது. முழு வளர்ச்சி அடைந்த புழு வால் நுனியை இலையில் ஒட்டிக்கொண்டு, ஒருநாள் போல் குனிந்து சுருண்டு நிற்கும். பிறகு தோல் முதுகில் பிளந்து பின்னுக்குச் சுருங்கி, ஒட்டிய இடத்தில் கசங்கிய துணி மாதிரிச் சேர்ந்துவிடும். உள்ளிருந்து ஆரஞ்சு நிறத்தில், கருப்புப் புள்ளிகளோடு, உருண்டையான கூட்டுப்புழு வெளிப்படும். அடியில் அந்தக் கசங்கிய தோல் இருக்கிறதா என்று பாருங்கள், அது நல்ல அடையாளம். ஒரு புல்நுனியால் மெல்லத் தொட்டால், படுத்திருந்தது சட்டென்று முன்பக்கத்தைத் தூக்கி நிமிர்ந்து, மறுபடி படுக்கும். இரண்டு மூன்று முறை அப்படிச் செய்யும். தன்மேல் முட்டையிட வரும் ஒட்டுண்ணிப் பூச்சிகளை விரட்டும் வழி அது. முதல்முறை பார்க்கிறவர்கள் திடுக்கிட்டுவிடுவார்கள், நானும் திடுக்கிட்டிருக்கிறேன்.

எல்லாக் கூட்டுப்புழுவும் பிழைக்காது என்பதையும் சொல்ல வேண்டும். இலையில் ஒட்டியிருக்கும் ஒன்று காய்ந்து, விறைத்து, பழுப்பாகி, உடம்பில் ஊசி குத்திய மாதிரி வட்டமான சின்ன ஓட்டைகளோடு இருந்தால், உள்ளே வளர்ந்த குளவிகள் வெளியேறிவிட்டன என்று அர்த்தம். மயிரிழை போன்ற குட்டிக் குளவிகள் அவை. உங்கள் படத்தில் இடது ஓரத்தில் இருப்பது அப்படித்தான் தோன்றுகிறது, ஆனால் படம் அந்த இடத்தில் மங்கல், அதனால் உறுதியாகச் சொல்ல மாட்டேன். முதுகில் நீளவாக்கில் ஒரே பிளவு இருந்தால் அது வண்டு வெளியேறிய வெற்றுக்கூடு.

நீங்கள் கேட்கவில்லை, ஆனால் காட்டுச்செடிகளைப் பார்க்க ஆரம்பித்துவிட்டால் இவை கண்ணில் படாமல் போகாது, அதனால் சேர்த்துச் சொல்கிறேன். சில பொறிவண்டுகளின் புழுக்கள் வெள்ளைவெளேரென்று, மெழுகுப் பஞ்சு போர்த்திக்கொண்டு, செடிச்சாறு உறிஞ்சும் வெள்ளை மாவுப்பூச்சியைப் போலவே இருக்கும். மாவுப்பூச்சி தின்னும் கிரிப்டோலேமஸ் இதில் பெயர்பெற்றது. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த இதை, மாவுப்பூச்சியை ஒழிப்பதற்காகவே 1891 வாக்கில் கலிபோர்னியாவுக்குக் கொண்டுபோனார்கள். இப்போது உலகின் பல பகுதிகளில் வளர்த்து விடுகிறார்கள். நல்ல எண்ணத்தோடு இதை வாங்கி விட்டவர்களே, ஒரு மாதம் கழித்து "மாவுப்பூச்சி பெரிதாகிவிட்டது" என்று மருந்து அடித்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். வித்தியாசம் காண்பது சுலபம். மாவுப்பூச்சி பெரும்பாலும் கும்பலாக, நகராமல் உட்கார்ந்திருக்கும். இந்தப் புழு தனியாக, அதைவிடப் பெரிதாக, வேகமாக அலையும், பஞ்சு இழைகள் நீளமாகக் கலைந்து தொங்கும். குச்சியால் புரட்டிப் போட்டால் ஆறு கால்களும் நன்றாகத் தெரியும். அசுவினியைக் காவல் காக்கும் எறும்புகள் மற்ற பொறிவண்டுப் புழுக்களை விரட்டும்போது, இந்த மெழுகுப் போர்வைக்காரர்களை அவ்வளவாகத் தொடுவதில்லை. கடித்தால் வாயெல்லாம் மெழுகாகிவிடும்.

இலையில் சாம்பல் தூவியது போல் வெள்ளைப் பூஞ்சை படர்ந்திருந்து, அதன் மேல் வெளிர் மஞ்சளாக, வரிசையாகக் கருப்புப் புள்ளி வைத்த மெலிந்த புழுக்கள் இருந்தால், அவையும் பொறிவண்டுதான். அவை தின்பது அந்தப் பூஞ்சையை.

இப்போது இனம் பற்றி. உலகத்தில் ஏறக்குறைய 6000 பொறிவண்டு இனங்கள் இருக்கின்றன. முதிர்ந்த வண்டுகளைப் பற்றி எழுதப்பட்ட அளவுக்கு அவற்றின் புழுக்களைப் பற்றி எழுதப்படவில்லை. நன்றாகத் தெரிந்த இனங்களுக்கு மட்டும் புழுவை வைத்துச் சொல்லலாம். உதாரணமாக ஏழுபுள்ளி வண்டின் வளர்ந்த புழு நீலச் சாம்பல் நிறம், வயிற்றின் முதல் வளையத்திலும் நான்காவது வளையத்திலும் மட்டும் பக்கவாட்டில் ஆரஞ்சுத் திட்டு இருக்கும். ஹார்மோனியா என்ற ஆசிய வண்டின் புழு கருகருவென்று, பக்கவாட்டில் முதல் வளையத்திலிருந்து ஐந்தாவது வரை ஒரே கோடாக ஆரஞ்சுப் பட்டை ஓடும், முள்ளும் கிளைத்து முரட்டுத்தனமாக இருக்கும். கிழக்காசியாவைச் சேர்ந்த இது அசுவினி ஒழிப்புக்காகப் பிற கண்டங்களுக்குக் கொண்டுபோகப்பட்டு, அங்கே கட்டுக்கடங்காமல் பரவியது. பிரிட்டனில் 2004இல் முதன்முதலாகக் கண்டார்கள். பட்டை தொடர்கிறதா, விட்டு விட்டுத் திட்டாக இருக்கிறதா என்ற ஒரே கேள்வி இந்த இரண்டையும் பிரித்துவிடும்.

ஆனால் இது கடைசி நிலைப் புழுவுக்குத்தான் பொருந்தும். முதல் இரண்டு நிலைகளில் பெரும்பாலான அசுவினி தின்னிகள் வெறும் கருப்பாக ஒன்றுபோலவே இருக்கும், திட்டுகள் பிறகுதான் வரும். இப்போதுதான் தோலுரித்த புழு, மெழுகு பொம்மை மாதிரி வெளிறிய மஞ்சளாக இருக்கும், சில மணி நேரத்தில் கறுத்துவிடும். அந்த நேரத்தில் படம் எடுத்துவிட்டுப் புது இனம் என்று நினைப்பவர்கள் உண்டு. கூட்டுப்புழுவின் நிறமும் நிலையானதல்ல, குளிரில் வளர்ந்தது கருமை கூடி இருக்கும், வெயிலில் வளர்ந்தது வெளிறி இருக்கும். உங்கள் படத்தில் இருக்கும் புழுக்களில் ஒன்றுகூடக் கடைசி நிலையை எட்டவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது. திட்டுகள் முதல் வளையத்தில் தெரிகின்றன, நான்காவதில் இருக்கிறதா என்பது நிழலில் மறைந்துவிட்டது. ஏழுபுள்ளியாக இருக்கலாம், அதற்கு நெருங்கிய இன்னொன்றாகவும் இருக்கலாம். அதற்கு மேல் சொன்னால் அது ஊகம்.

முட்டைகளை வைத்து மட்டும் யாராவது உறுதியாகச் சொன்னால் நம்பாதீர்கள். மஞ்சளாக, அரிசி மாதிரி, கொத்தாக நிமிர்த்தி நிறுத்தப்பட்ட முட்டைகள் பொறிவண்டின் வழக்கம் என்பது சரி, ஆனால் இலை வண்டுகளில் பலவும் அப்படியே இடும். பக்கத்தில் அசுவினி இருந்தால் பொறிவண்டாக இருக்க வாய்ப்பு அதிகம், அவ்வளவுதான்.

இனம் தெரிந்தே ஆக வேண்டும் என்றால் வளர்த்துப் பார்ப்பதுதான் சரியான வழி, இது ஒன்றும் பெரிய வேலை இல்லை. இருப்பதிலேயே பெரிய புழு ஒன்றை, அசுவினி அப்பிய குருத்தோடு சேர்த்துக் கிள்ளி, அகன்ற வாய்ப் பாட்டிலில் போட்டு, மெல்லிய துணியால் வாயைக் கட்டுங்கள். ஒரு பாட்டிலுக்கு ஒரு புழுதான். இரண்டு போட்டால், தீனி குறைந்த நாளில் ஒன்று இன்னொன்றைத் தின்றுவிடும். முட்டையிலிருந்து முதலில் வரும் குஞ்சு பக்கத்து முட்டையைத் தின்றே வாழ்க்கையைத் தொடங்கும் குடும்பம் இது. தினமும் புதுக் குருத்து வையுங்கள், வெயிலில் வைக்காதீர்கள், உள்ளே ஈரம் கோக்க விடாதீர்கள். கையில் எடுக்கும்போது மஞ்சளாக ஒரு சொட்டுத் திரவம் விட்டால் பயம் வேண்டாம், கசப்பும் வாடையும் உள்ள அதன் தற்காப்பு அது. கையைக் கழுவினால் போதும், கண்ணில் மட்டும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அல்லது இன்னும் சுலபமாக, ஒட்டிக்கிடக்கும் கூட்டுப்புழு ஒன்றை இலையோடு எடுத்துவாருங்கள். அதற்குத் தீனியே வேண்டாம், நாலு நாளிலிருந்து ஒரு வாரத்துக்குள் வண்டு வந்துவிடும். வந்தவுடன் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். முதலில் வெளிவருவது வெளிர் மஞ்சளாக, ஈரமாக, ஒரு புள்ளிகூட இல்லாமல் இருக்கும். கூட்டின் மேலேயே உட்கார்ந்து இறக்கையை வெளியே நீட்டி உலர்த்தும். சில மணி நேரத்தில் புள்ளிகள், போட்டோ தெளிவது போல, ஒவ்வொன்றாக மேலே எழுந்து வரும். சிவப்பு முழுதாக ஏற நாளாகும். அதனால் மறுநாள் காலையில் படம் எடுங்கள். முதுகு முழுவதும் ஒரு படம், தலைக்கும் இறக்கைக்கும் நடுவில் உள்ள கழுத்துப் பட்டையின் வெள்ளைத் திட்டு தெரியும்படி முன்னாலிருந்து ஒரு படம், அளவு தெரியப் பக்கத்தில் ஒரு அளவுகோல். அதை அனுப்புங்கள், இனப் பெயரோடு பதில் எழுதுகிறேன். படம் எடுத்து முடித்ததும் அதை அதே எருக்கிலேயே விட்டுவிடுங்கள், அங்கே அசுவினி இன்னும் தீரவில்லை.